எந்த மாடும் கறக்காத ஆறு லிட்டர்

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குக் கிடைத்த விடை 7.72. கூட்டலில் தப்பு செய்திருப்பேன் என்று முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் 7.72. பெருக்கலில் தப்பு இருக்கும் என்று வேறு கால்குலேட்டரில் போட்டேன். அதிலும் 7.72. கிடைத்த விடைகளைச் சமன்பாடுகளில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் பொருந்தியது. அதற்குமேல் என்னைச் சந்தேகப்பட எனக்கு வழி தெரியவில்லை.

அது ஹட்டி என்ற குடியிருப்பிலிருந்து வரும் பாலின் எண். பாலில் கொழுப்பைத் தள்ளிவிட்டு மிச்சமுள்ள சத்து எவ்வளவு என்று டெய்ரியிலிருந்து வரும் சீட்டில் ஓர் எண் போட்டிருக்கும். நல்ல பாலுக்கு அது எட்டரையைச் சுற்றி நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் இறங்கும். எங்கள் நேரலெகட்டெ பால் சங்கத்தின் பால் அந்த வியாழக்கிழமை 8.14 என்று வந்தது. இப்படியே போனால் சங்கத்தின் பாலையே எடுக்க மாட்டோம் என்று டெய்ரியிலிருந்து போன் வந்தது.

எங்கள் சங்கத்துக்கு மூன்று இடத்துப் பால் வருகிறது. ஊர்ப் பாலை நாற்பது வீட்டுக்காரர்கள் நேராகச் சங்கத்துக்கே கொண்டுவந்து ஊற்றுவார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் தோட்டதமனெயிலிருந்து ஒரு கேன் வரும். அங்கே எருமைகள் அதிகம், எருமைப் பாலின் எண் ஒன்பதைத் தாண்டும். ஏரிக்கு அந்தப்பக்கம் மேட்டில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் குடியிருக்கும் ஹட்டியிலிருந்து இன்னொரு கேன் வரும். அதைச் சிக்கதாயம்மா தன் மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். ஹட்டியில் வீடு வீடாகப் பால் சேர்ப்பதும் கேனைக் கழுவுவதும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் பொறுப்பு. என் வேலை லிட்டரை அளந்து எழுதுவது, ஒவ்வொருவர் பாலையும் மிஷினில் சோதிப்பது. அந்த மிஷின்தான் கெட்டுப்போய் பெங்களூருக்குப் போயிருந்தது. அதுவரை அளவை மட்டும் பார்த்து ஊற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மிஷின் இல்லை என்று தெரிந்ததும் யாரோ கை வைத்துவிட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஷடக்ஷரண்ணா என்னைக் கூப்பிட்டார். சாயங்கால வகுப்பில் நான் கணக்குப் படிப்பது அவருக்குத் தெரியும். மாதக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டு அவரிடம்தான் கையெழுத்து வாங்குவேன்.

"மூணு எடத்துப் பாலு, சீட்டுல மூணு வரி. இதை வச்சு யாரு பாலு தண்ணின்னு கண்டுபிடிக்க முடியாதா? இதுக்குத்தானே தினம் பஸ் ஏறிப் போற?"

நாளைக்கு மூன்று இடத்துப் பாலிலும் தனித்தனியாகச் சாம்பிள் எடுத்து டெய்ரிக்கே அனுப்பலாமே என்றேன். அவர் சிரித்தார். சாம்பிள் எடுக்கிறோம் என்று தெரிந்தால் நாளைக்கு மூன்றும் கெட்டிப் பாலாக வரும், இந்த வாரத்துத் தண்ணீர் இந்த வாரத்தோடு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கூடும் சங்கக் கமிட்டிக்குத் தான் என்ன பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சீட்டு என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். காலைப் பால் ஒரு குளிர்தொட்டியில், சாயங்காலப் பால் இன்னொன்றில். இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் சாம்பிள். பிறகு டேங்கர் வந்து இரண்டையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். டேங்கரில் எங்கள் பாலுக்கென்று உள்ள தனி அறையிலிருந்து டிரைவர் ருத்ரேஷ் மூன்றாவது பாட்டில் பிடிப்பான். ஆகவே காலை, சாயங்காலம், நாள் என்று மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் எந்த இடத்துப் பால் எத்தனை லிட்டர் என்று இருக்கும், கடைசியில் டெய்ரி சோதித்துப் போட்ட, கலந்த பாலின் எண் இருக்கும். முதல் இரண்டு வரி என் கையெழுத்து. மூன்றாவது வரி ருத்ரேஷின் கையெழுத்து.

ஊர்ப் பாலின் எண்ணை x என்றும், தோட்டதமனெப் பாலை y என்றும், ஹட்டிப் பாலை z என்றும் வைத்தேன். காலையில் ஊர் 121 லிட்டர், தோட்டதமனெ 62, ஹட்டி 42. கலவை 8.12. அது ஒரு சமன்பாடு. சாயங்காலம் 82, 51, 21, கலவை 8.17. அது இரண்டாவது. நாள் வரியில் 205, 115, 65, கலவை 8.14. அது மூன்றாவது. தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் மூன்று. வகுப்பில் போட்ட கணக்கு இவ்வளவு அழகாக என் மேஜைக்கு வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. போடும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஊர் 7.99. தோட்டதமனெ 8.65. ஹட்டி 7.72.

ஷடக்ஷரண்ணா கடைசி எண்ணை மட்டும் பார்த்தார். ஊர்ப் பாலும் எட்டுக்குக் கீழேதான் இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது வெயில் காலம்மா. மாடு தண்ணி ஜாஸ்தி குடிக்கும்" என்றார்.

ஹட்டி மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் உண்டு. திங்கட்கிழமை சாயங்காலம் ஹட்டிப் பால் சங்கத்துக்கு வராது. அந்த வேளைப் பாலை அவர்கள் விற்பதில்லை, தங்கள் சாமிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தங்களுக்குள் பகிர்ந்து குடித்துவிடுவார்கள். எத்தனை தடவை சொல்லியும் அதை விடவில்லை. வாரா வாரம் ஒரு வேளை குறைகிறது என்று அவர் டெய்ரியில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை சிக்கதாயம்மா கேனை இறக்கும்போது ஷடக்ஷரண்ணா அவரிடம் பேசினார். நாளை காலையிலிருந்து ஹட்டி கேனை ஊற்ற வேண்டாம், கமிட்டி முடிவு செய்யட்டும் என்றார். நான் அளவுக் குச்சியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். சிக்கதாயம்மா சத்தம் போடவில்லை. காலி கேனை மொபெட்டில் கட்டிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"கணக்குல என் பேரு வந்திருக்காமே?"

"உங்க பேரு இல்ல அக்கா. ஹட்டிப் பாலு."

"ஹட்டிப் பாலுக்கு வேற யாரு பேரு இருக்கு தாயி? நீ நல்லாப் போட்டுப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் அக்கா."

"அப்ப எங்க மாடுங்கதான் ராத்திரி எழுந்து போய் ஏரியைக் குடிச்சுட்டு வருதோ என்னவோ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அந்தக் கேலியில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹட்டிக்கு வேறு வழி கிடையாது. அடுத்த சங்கம் நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம். ஒரு சங்கம் தண்ணீர் என்று தள்ளிய பாலை இன்னொரு சங்கம் தொடாது. இருபது வீட்டுப் பால் நின்றுபோகும், காரணம் சிக்கதாயம்மா என்று இருபது வீட்டிலும் பேசுவார்கள்.

சாயங்காலம் திப்டூர் பஸ்ஸில் முழு வழியும் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டே போனேன். வகுப்பில் அந்த வாரம் நடந்தது எனக்குப் பிடிக்காத பாடம். சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்ல மாட்டார்கள். விடை ஒன்றா, இல்லவே இல்லையா, எண்ணற்றவையா என்று மட்டும் சொல்ல வேண்டும். விடையைக் கண்டுபிடித்தால் போதாதா, அது எத்தனை என்று எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கேள்விகளுக்கு எதிரே ஒன்று, இல்லை, எண்ணற்றவை என்று எழுதி எழுதி, கடை வாசலில் விலைப்பலகை எழுதுவதைப் போல இருக்கும்.

என் பெஞ்சில் ஜபீவுல்லா உட்காருவான். கொப்பரை மண்டியில் எடை போடுகிறவன். அடுத்தவர் சொன்ன எடையை அவன் எழுதியதே இல்லை என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். வகுப்பு முடிந்து பஸ் வருவதற்குள் ஸ்டாண்டில் டீயும் காரப்பொரியும் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அன்று நான் சீட்டின் நகலை அவன் முன்னால் வைத்து, இதில் என் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கொடு என்றேன்.

"தப்பு இருக்குன்னு எப்படித் தெரியும் மேஷ்ட்ரே?" என்றான். வாத்தியார் என்று அவன் என்னைக் கேலியாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

"நான் போட்டிருக்கேன்ல, இருக்கும்."

அவன் பொரியைத் தள்ளி வைத்துவிட்டுப் போட ஆரம்பித்தான். நான் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இதுக்கு விடையே இல்ல."

எனக்கு விடை வந்திருக்கிறது, மூன்றிலும் பொருந்துகிறது என்றேன். அவனுக்குக் கடைசி வரியில் இடது பக்கம் எல்லாம் அழிந்து சைபர் ஆகிவிட்டது, வலது பக்கம் 0.12 மிச்சம் நின்றது. சைபரும் 0.12-ம் எப்படிச் சமமாகும், ஆகவே விடை இல்லை என்றான். நான் என் தாளைக் காட்டினேன். அவன் அவன் தாளைக் காட்டினான். டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்து, சண்டை போடுவதென்றால் கிளாஸைக் கொடுத்துவிட்டுப் போடுங்கள் என்றார்.

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கு இரண்டு விடை வந்தால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். ஆகவே அவன் தாளை வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. என் தாளையும் பார்த்தேன். அதிலும் தப்பு இல்லை. பிறகுதான் மூன்றாவது வரியில் கண் நின்றது. என்னுடையதில் 205, 115, 65. அவனுடையதில் 203, 113, 63.

"இதை எங்கேருந்து எடுத்த?"

"காலையும் சாயங்காலமும் கூட்டினேன். நாள்னா அதுதானே? எவனோ எழுதின மொத்தத்தை நான் ஏன் எழுதணும்?"

ருத்ரேஷ் எதையும் ஐந்தின் மடங்காகத்தான் எழுதுவான். எட்டு சங்கங்களின் பாலை ஓட்டிக்கொண்டே மனத்தில் கூட்ட வேண்டும், உதிரி எண் வந்தால் தலை சுற்றும் என்பான். டெய்ரியும் அவன் வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எங்கள் இரண்டு வரிக்குத்தான் கணக்கு. அது எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் சமன்பாட்டில் அந்த வரியைப் போட்டேன், ஏனென்றால் எனக்கு மூன்றாவது ஒன்று வேண்டியிருந்தது.

என்னுடைய மூன்றாவது வரியிலிருந்து முதல் இரண்டு வரியையும் கழித்தேன். ஊர் 2, தோட்டதமனெ 2, ஹட்டி 2. மொத்தம் ஆறு லிட்டர். காலைப் பாலும் சாயங்காலப் பாலும் சொல்லாத எந்தப் புதுச் செய்தியை நாள் வரி சொன்னது என்று பார்த்தால், இந்த ஆறு லிட்டர்தான். எந்த மாடும் கறக்காத ஆறு லிட்டர். சிக்கதாயம்மாவின் கேனை நிறுத்தியது அந்தப் பால்தான்.

"அப்ப உன் 0.12?" என்றேன்.

அதையும் பார்த்தோம். சீட்டில் புள்ளிக்குப் பிறகு இரண்டு எண்தான் வரும். 8.14 என்று போட்டிருப்பது உண்மையில் 8.1403 ஆக இருந்தால் அந்த 0.12 கரைந்துவிடும். சைபர் சமம் சைபர். டேங்கரில் இருப்பது காலைப் பாலும் சாயங்காலப் பாலும்தான், அதைத் தனியாகச் சோதித்தால் தெரிந்ததையே திரும்பச் சொல்லும். மூன்று வரி இருந்தாலும் எங்களிடம் இருந்தது இரண்டு செய்திதான். தெரியாதவை மூன்று.

ஜபீ அப்போதும் விடவில்லை. என் முறையில் 8.14-ஐ 8.15 என்று மாற்றினால் என்ன வரும் என்று கேட்டான். போட்டேன். ஹட்டிப் பால் 7.72-லிருந்து 9.54-க்கு ஏறியது. ஊர்ப் பால் 6.58-க்கு விழுந்தது.

"ஒன்பதரையா? அது பாலு இல்ல, பால்கோவா. கேன்லேருந்து கத்தி வச்சு வெட்டி எடுக்கணும்" என்றான்.

பிறகு நாள் வரியை விட்டுவிட்டு, காலையும் சாயங்காலமும் மட்டும் வைத்துப் பார்த்தோம். ஹட்டிப் பால் எட்டரை என்று வைத்தால், ஊர் 7.39, தோட்டதமனெ 9.29. பொருந்தியது. ஊர்ப் பால் எட்டரை என்று வைத்தால், தோட்டதமனெ 8.10, ஹட்டி 7.06. அதுவும் பொருந்தியது. யாரை நல்லவராக்க நினைக்கிறோமோ அவரை நல்லவராக்கிவிட்டு மிச்சப் பேர் தலையில் தண்ணீரை ஊற்றலாம். சீட்டு எதற்கும் மறுப்புச் சொல்லாது.

ஒரே டீக்கடையில், ஒரே சீட்டுக்கு, எனக்கு ஒரு விடை, அவனுக்கு விடையே இல்லை, உண்மையில் எண்ணற்ற விடைகள். நான் எரிச்சலோடு நிரப்பிக்கொண்டிருந்த மூன்று வார்த்தைகளும் அந்தத் தாளில் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கூட்டல் சரி, பெருக்கல் சரி, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் அந்தச் சீட்டில் பதில் இல்லை. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன்.

"இவ்வளவு சந்தோஷமா 'தெரியாது'ன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஜபீ.

பஸ்ஸில் ஏறிய பிறகு அந்தச் சந்தோஷம் குறைந்தது. தெரியாது என்று மட்டும் போய் நின்றால் ஷடக்ஷரண்ணா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒன்று சொன்னாள், இப்போது அந்த அம்மாவைப் பார்த்துப் பயந்து மாற்றுகிறாள் என்பார். உண்மையிலேயே புதிதாக ஏதாவது சொல்கிற மூன்றாவது வரி எனக்கு வேண்டும். மூன்று பாலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கலக்கிற வேளைகள் உதவாது. ஒரு பால் நிறைய குறைந்த வேளை வேண்டும். பஸ் ஏரிக்கரையில் திரும்பியபோது மேட்டில் ஹட்டியின் விளக்குகள் தெரிந்தன. திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது சிக்கதாயம்மா கேனோடு வந்து, சங்கத்துக்கு வெளியே புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தார். ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தும் ஏன் கொண்டுவந்தார் என்று ஷடக்ஷரண்ணா கேட்டாராம். கறக்காமல் விட்டால் மாட்டுக்கு மடி வீங்கும், மாட்டுக்கு உங்கள் கமிட்டி தெரியாது என்றாராம். கேன் மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பால் குளிர்தொட்டிக்குப் போகாவிட்டால் திரிந்துவிடும்.

நான் நேராகப் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரத் திங்கட்கிழமை சாயங்காலம் ஊர் 80 லிட்டர், தோட்டதமனெ 52. ஹட்டி கட்டத்தில் ஒரு கோடு. கலவை 8.14. ஒவ்வொரு எண்ணாக மெதுவாகப் போட்டேன். வியாழக்கிழமைக் காலை, வியாழக்கிழமைச் சாயங்காலம், இந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலம். தீர்ப்பதற்கு முன்னால், வகுப்பில் சொல்கிறபடி, விடை எத்தனை என்று முதலில் பார்த்தேன். எந்த வரியும் மற்ற இரண்டிலிருந்து பிறக்கவில்லை. விடை ஒன்றுதான். 8.14-ஐ ஒரு புள்ளி ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். விடை லேசாக அசைந்தது, தலைகீழாகவில்லை.

ஹட்டி 8.48. தோட்டதமனெ 9.28. ஊர் 7.40.

கமிட்டி உள் அறையில் உட்கார்ந்தது. ஷடக்ஷரண்ணாவோடு ஐந்து பேர், எல்லோரும் ஊர்க்காரர்கள். என்னைக் கூப்பிட்டபோது, வெள்ளிக்கிழமை நான் கொடுத்த விடை செல்லாது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். பிறகு சொன்னால் எனக்குத் தைரியம் வராது.

"வெள்ளிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணா? உன் கணக்கு கிழமை பாத்து மாறுமா?" என்றார் ஷடக்ஷரண்ணா.

நான் ருத்ரேஷின் ஐந்தைந்தைச் சொன்னேன். அவர்களுக்கு அது உடனே புரிந்தது. அவன் ஐம்பத்தெட்டை அறுபது என்று எழுதியதைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கதை இருந்தது. ஆறு லிட்டரைச் சொன்னபோது ஒருவர் சிரித்துவிட்டார். x, y எதையும் நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமைச் சீட்டையும் வியாழக்கிழமைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது ஹட்டிப் பாலு சேர்ந்த சாயங்காலம் அண்ணா, 8.17. இது ஹட்டிப் பாலு வராத சாயங்காலம், 8.14. தண்ணி அவங்களோடதுன்னா, அவங்க வராத அன்னிக்கு எண்ணு ஏறியிருக்கணும். எறங்கியிருக்கு."

ஷடக்ஷரண்ணா இரண்டு சீட்டையும் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் எல்லா இடத்துப் பாலும் ஒரே மாதிரி இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், அது மாறியிருந்தால் என் விடையும் மாறும் என்றும் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் அவர் தலையசைத்தார்.

"சரி. அப்ப தண்ணி யாரோடது?"

"ஊர்ப் பாலு அண்ணா. 7.40."

வெளியே சிக்கதாயம்மா யாரையோ கேனிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது. உள்ளே நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. கமிட்டியில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் என்றால் ஊரில் யார் என்று கேட்டார்.

"அது தெரியாது. ஊர்ல நாப்பது வீடு பாலு ஊத்துது. நம்ம கையில இருக்கறது மூணு வரி. நாப்பது வீட்டுக்கு இதை வச்சு எத்தனை விடை வேணும்னாலும் வரும்."

"அப்ப யாரையும் சொல்ல முடியாதா?"

"முடியாது மாமா."

அந்த அறையில் ஒரே நேரத்தில் பலர் மூச்சு விட்டார்கள். ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. ஷடக்ஷரண்ணாகூடச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுப் பாலும் அந்த நாற்பதில் ஒன்று. அவர் வீட்டில் அப்படி எதுவும் நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டைப் பற்றி முழு நிச்சயத்தோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. மிஷின் வந்ததும் ஒவ்வொரு வீட்டுப் பாலையும் சோதிப்பது, அதுவரை யாருடைய பாலையும் நிறுத்துவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ருத்ரேஷ் இனிமேல் உதிரி எண்ணோடு எழுத வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். அதை அவனிடம் யார் சொல்வது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

ஷடக்ஷரண்ணா தானே வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் புங்கமரத்தடியில் ஏதோ சொன்னார், நீளமாகச் சொல்லவில்லை. பிறகு கேனின் ஒரு பக்கக் காதை அவர் பிடித்தார், மறுபக்கத்தைச் சிக்கதாயம்மா பிடித்தார். ஈரச் சாக்கோடு கேன் உள்ளே வந்தது. நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பால் திரியவில்லை. தொட்டியில் ஊற்றும்போது அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாற்பத்தொன்று என்று அளந்து எழுதினேன்.

சிக்கதாயம்மா ஜன்னலுக்கு வந்தார்.

"கணக்குலேருந்து என் பேரு போயிடுச்சாமே?"

"போயிடுச்சு அக்கா. வெள்ளிக்கிழமை நான்தான்..."

"தெரியும் போ. அந்த டிரைவர் பையன் ரெண்டு ரெண்டா ஊத்தினானாமே. எங்க மாட்டுக்கே தெரியாம." அவர் கேனைக் கட்டினார். வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் கேன் வராது. உங்க அண்ணன்கிட்ட இப்பவே சொல்லிடு, அப்புறம் திட்டப் போறார்."

சொன்னேன். ஷடக்ஷரண்ணா திட்டவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பால் வேளை முடியும் நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. கேன் இல்லை. சிக்கதாயம்மா ஒரு சின்னத் தூக்குப்பாத்திரத்தை ஜன்னல் கட்டையில் வைத்தார். சாமிக்கு ஊற்றியது போக மிச்சம், வெல்லம் போட்டுக் காய்ச்சியது, இன்னும் சூடாக இருந்தது. நான் பாத்திரத்தைக் கையில் வாங்கி, பழக்கத்தில் ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டேன். அதை அவர் கவனித்துவிட்டார்.

"மிஷின்தான் இல்லையே தாயி. தைரியமா குடி."

குடித்தேன். அதற்குள் ருத்ரேஷின் டேங்கர் வந்து நின்றது. அவன் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, நாள் வரிக்கு ஊர் எத்தனை என்று கேட்டான். இருநூற்றொன்று என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், இருநூற்றொன்று என்றே எழுதினான்.